அத்தான் இறங்காத ஆட்டம்

1

இதை எழுத வேண்டும் என்று நினைத்துக் கொப்பியை எடுப்பதும் மூடி வைப்பதுமாகப் பல வருடங்கள் போய்விட்டன. சோம்பலால் விட்டது இல்லை. அக்காவின் புருஷனைப் பற்றி எழுதப் போகிறேன். உள்ளதை எழுதினால், சனம் அவருக்குக் கொடுத்து வைத்திருக்கிற பெருமையில் கொஞ்சம் குறையும். "செத்த மனுசனைச் சொந்த மச்சானே இறக்கி எழுதிப்போட்டான்" என்று ஊரில் இருக்கிறவர்கள் சொல்லக்கூடும். அந்தப் பயத்தில்தான் இருந்தேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஒக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து நியூ லின்னில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் பாண், ரொட்டி விற்கிற பகுதியில் வேலை. விடிய எழும்பி முழுகி, விபூதி பூசி, சாமிப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, த்ரீ கிங்ஸிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். எழுத்து வேலை என்றால் பாண் பையில் திகதி ஒட்டுகிறது மட்டும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அத்தானின் திவசம் வந்தது. கோயிலில் பூசை முடிந்து அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் நின்றவர் இங்கு வந்து கொஞ்சக் காலம்தான் இருக்கும், முகம் தெரியாது. ஆருடைய திவசம் என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, அந்த ஃபுட்டி ஆடினவரோ? கேள்விப்பட்டிருக்கிறன். அவுஸ்திரேலியாவுக்கே கப்டனா இருந்தவராம். பிறகு வெள்ளைக்காரர் அவற்ற பேரைக் கறுப்பு மையால அழிச்சுப்போட்டாங்களாம். இஞ்ச ஒரு பிளம்பர்தானாம் அழிச்சவன்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சொல்லுகினம். அந்தப் பேப்பரைக் கண்ணால கண்ட ஆக்களே இருக்கினம்."

அவர் சொன்ன பிளம்பர் அப்போது மண்டபத்துக்குள்ளே தான் இருந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நிலத்தில் சம்மாணம் கொட்டி இருக்க முடியாமல் காலை ஒரு பக்கம் நீட்டி, அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து பருப்பும் சோறும் பிசைந்துகொண்டிருந்தார். அவர் பெயர் ரொன். வருடா வருடம் வருகிறவர்.

அழித்தது அவர் இல்லை. என் அக்கா. அதை எழுதாமல் இருந்தால் இனி எனக்குப் பாவம்.

2

அத்தானின் பெயர் சண்முகலிங்கம். வெள்ளைக்காரருக்கு ஷான். எழுபதுகளின் தொடக்கத்தில் பொறியியல் படிக்க மெல்பேர்ணுக்குப் போனவர். நெடுவல் ஆள். ஊரில் பள்ளிக்கூடத்தில் உயரம் பாய்ந்தவர். அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகன் ஒரு சனிக்கிழமை தங்கள் கழக மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். அதோடு படிப்புக்குச் சனி பிடித்தது என்று அக்கா சொல்லுவா.

ஃபுட்டி என்பது அவுஸ்திரேலியாக்காரரின் கால்பந்து; அதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பந்து முட்டை மாதிரி இருக்கும். மைதானமும் முட்டை மாதிரித்தான். பந்தைக் காலால் அடிக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி மற்றவருக்குக் கொடுக்கலாம்; எறியக்கூடாது. இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பங்கள். நடுவிலுள்ள உயரமான இரண்டுக்கும் இடையால் அடித்தால் ஆறு புள்ளி. பக்கத்தால் போனால் ஒன்று. குறி தப்பினாலும் ஒரு புள்ளி கொடுக்கிற விளையாட்டு உலகத்தில் வேறு இல்லை என்று அத்தான் சொல்லுவார். எனக்கு வேறு விளையாட்டும் தெரியாததால் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மெல்பேர்ணில் ஒரு புறநகர்க் கழகம். பெரிய கழகம் இல்லை. தச்சு வேலைக்காரரும் பால்காரரும் சேர்ந்து ஆடுகிறது. அதில் இரண்டு அணி. அத்தான் இரண்டாவது அணியில் ஆடினார். உயரத்துக்குப் பாய்ந்து, மற்றவனின் முதுகுக்கு மேலால் பந்தைப் பிடிப்பாராம். அவருக்கு முன்னம் அங்கே எங்கள் ஆள் ஒருவரும் இந்தப் பந்தைத் தொட்டதாக அவருக்குத் தெரியாது. "எனக்குத் தெரியாது" என்றுதான் சொல்லுவார், "நான்தான் முதல்" என்று சொன்னது இல்லை.

முதல் அணியிலிருந்து ஒரே ஒரு முறை கூப்பிட்டார்கள். அதுவும் இறுதிப் போட்டிக்கு. அந்தக் காலத்துச் சட்டப்படி பதினெட்டுப் பேர் உள்ளே. ஆருக்கேன் அடிபட்டால் இறங்குவதற்கு இரண்டு பேர் வெளியே பெஞ்சில். அந்த இரண்டு பேரில் அத்தான் ஒருவர். குளிருக்கு நீட்டுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, காலில் எண்ணெய் பூசி, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டம் முழுக்க இருந்தார். மற்றவரை இறக்கினார்கள். இவரை இறக்கவில்லை. அணி வென்றது. எல்லாரும் உள்ளே ஓடிக் கட்டிப்பிடித்தபோது இவரும் ஓடினார். அடுத்த வருடம் முழங்கால் போய்விட்டது. ஆடின கதை அவ்வளவுதான்.

நிறத்தைப் பார்த்துத்தான் இறக்கவில்லையோ என்று நான் ஒருக்கால் கேட்டேன்.

"தெரியாது தம்பி. தெரியாததைச் சொல்லமாட்டன்" என்றார்.

பிறகு ஒக்லாந்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுத வந்தார்கள். "இறங்காதவன் ஆடினவன் இல்லை. முதல் அணிக்கு ஆடினதெண்டு எழுதாதேங்கோ" என்று என் முன்னாலேயே சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்.

3

பட்டம் எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பினபோது அக்காவைப் பேசி முடித்தார்கள். எஞ்சினியர் மாப்பிள்ளை என்று பேசத் தொடங்கி, எஞ்சினியராகாத மாப்பிள்ளையில் வந்து முடிந்த கலியாணம். கலியாண வீட்டிலேயே என் சின்ன மாமி அக்காவைப் பார்த்து, "புத்தகத்தோட போன பெடியன் பந்தோட வந்திருக்கு, மனோ, கவனமா வைச்சிரு, உருண்டு போயிடும்" என்றா. சிரிக்காத ஆள் இல்லை. அக்கா சிரித்தாவா என்று நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருடம் அந்தப் பகிடி ரெலிபோனில் வந்துகொண்டிருந்தது. அக்காவின் மச்சாள்மாரின் புருஷன்மார் டொக்டர், எக்கவுண்டன். அக்காவின் புருஷன் பந்து.

அவர்கள் ஒக்லாந்துக்கு வந்தார்கள். அத்தானுக்கு ஒரு பெயின்ற் பக்டரியில் ஸ்ரோர் வேலை. பிள்ளைகள் கிடைக்கவில்லை. இது ரக்பி நாடு. இங்கே அந்த முட்டை மைதான விளையாட்டை ஆடுகிறவர்கள் அப்போது மிகக் கொஞ்சம். மெல்பேர்ணிலிருந்து வேலைக்கு வந்த சிலபேர் சேர்ந்து ஒரு கழகம் தொடங்க, பழக்குவதற்கு ஆளில்லாமல் அத்தானைக் கேட்டார்கள். சம்பளம் இல்லை. செவ்வாயும் வியாழனும் பின்னேரம் பயிற்சி, சனி ஆட்டம்.

மைதானம் இல்லை. நகரசபை ஒரு ரக்பித் திடலைத் தந்தது. அதில் வட்டக் கோடு போடக்கூடாது, கம்பம் நடக்கூடாது, நட்டால் அடுத்த நாள் ரக்பிக்காரர் முறைப்பாடு செய்வார்கள். இவர்கள் எழுதிக் கேட்க, அது வேறு பகுதி என்றார்கள். அந்தப் பகுதிக்கு எழுத, இப்படி ஒரு விளையாட்டு எங்கள் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் தண்ணீர்க் குழாய்களை வெட்டி, மண் நிரப்பின பெயின்ற் வாளிகளில் நிறுத்தி, ஒவ்வொரு சனியும் ஏற்றி இறக்கினார்கள். வாளி அத்தானின் பக்டரியிலிருந்து வந்தது. குழாய் ரொன்னிடமிருந்து.

நான் தொண்ணூறுகளில் வந்தேன். வீசா அலுவலாக ஓடித் திரிந்த மாதங்களில் வேறு போக்கிடம் இல்லாமல் சனிக்கிழமைகளில் அத்தானோடு போய் வாளி தூக்கினேன். பார்த்தது பெரும்பாலும் தோல்விதான். ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை. பெஞ்சில் இருக்கிறவன் எவ்வளவு மோசமான ஆட்டக்காரனாக இருந்தாலும், முடிய முதல் அவனை உள்ளே அனுப்பிவிடுவார். வென்றுகொண்டிருக்கிற ஆட்டத்தையும் அப்படித் தோற்றிருக்கிறார். மனுசன் இளகின மனம், அதுதான் என்று நினைத்தேன்.

அக்கா ஒரு நாளும் மைதானத்துக்குப் போனதில்லை. சனிக்கிழமை அவ விரதம். கோயிலுக்குப் போய்வந்து சமைத்து வைத்துவிட்டு இருப்பா. இவர் சேற்றுக் காலோடு வருவார்.

"வெண்டியளோ?"

"இல்லை."

"கால் கழுவிப்போட்டு வாங்கோ."

அதுதான் அவர்களுக்குள் அந்த விளையாட்டைப் பற்றி நடக்கிற முழுப் பேச்சும்.

4

அத்தான் சாகும்போது அவர்கள் பிளாட் புஷ்ஷுக்கு வீடு மாறியிருந்தார்கள். மார்பு நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. கிரியைகளைச் செய்ய அவருடைய தமையனின் மகன் மெல்பேர்ணிலிருந்து வந்தார். இங்கே எல்லாம் மண்டபக்காரர் தருகிற நேரத்துக்குள். எங்கள் ஐயர் பொற்சுண்ணம் இடிக்க, அதாவது பாட்டோடு மஞ்சள் இடிக்கிற சடங்குக்கு, உலக்கை கேட்க, மண்டபத்துப் பெண், மரக்கட்டை அனுமதி இல்லை, நிலம் பழுதாகும் என்றா. ஒரு கம்பளத்தை மடித்துப் போட்டு மெல்ல இடித்தோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். வேறு ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன்: இறந்தவருடைய படம், வரலாறு, தோத்திரப் பாட்டுகள் எல்லாம் போட்டு ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட்டு, அன்று சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுப்பது எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம். கல்லில் வெட்டாவிட்டாலும் பெயர் அதுதான்.

எழுதும் பொறுப்பைச் சங்கச் செயலாளர் பரமேஸ் அண்ணை எடுத்தார். நல்ல மனுசன். ஒக்லாந்தில் பாதிப் பேருக்கு அவர்தான் கல்வெட்டு எழுதினவர். எழுதினதைக் கொண்டுவந்து அக்காவுக்கும் எனக்கும் முன்னால் இருந்து வாசித்தார். பிறப்பு, படிப்பு, திருமணம் எல்லாம் சரி. பிறகு குரலை உயர்த்தினார்.

"அவுஸ்திரேலிய மண்ணில், முதற்தர அணிக்காக இறுதிப் போட்டியில் களமிறங்கி, வெற்றிவாகை சூடிய முதல் தமிழன்!"

"அண்ணை, அவர் இறங்கேல்லை" என்றேன். "பெஞ்சில இருந்தவர்."

"ரீமில இருந்தவரோ இல்லையோ?"

"இருந்தவர்."

"ரீம் வெண்டதோ இல்லையோ?"

"வெண்டது."

"பிறகென்ன? கல்வெட்டில ஆரடாப்பா உண்மை தேடுறான்? என்ர அப்பாவுக்குக் கல்விக் கடல் எண்டு போட்டனான். மனுசன் அஞ்சாம் வகுப்பு."

"அத்தான் எழுத வேண்டாமெண்டு தன்ர வாயால சொன்னவர், அண்ணை."

"இருக்கிறவர் அப்பிடித்தான் சொல்லுவார். போனவருக்கு நாங்கள் தானே சொல்ல வேணும்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவ அத்தானின் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கில் திரியைத் தூண்டினா. "இருக்கட்டும் தம்பி" என்றா. "ஊருக்கும் அனுப்புவம் தானே. சின்ன மாமியும் பாக்கட்டும். ஒருக்கா எண்டாலும் இருக்கட்டும்."

 முப்பது வருடம் பகிடி கேட்டவ அவ, நான் இல்லை. மவுண்ட் ரொஸ்கிலில் அச்சகம் வைத்திருக்கிற மதுரைத் தம்பியிடம் கொடுத்தோம். "ஆமா சார், முதல் நாள் சாயங்காலத்துக்குள்ள வந்துரும்" என்றார். சொன்னபடி வந்தது. நல்ல தாள். அத்தான் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

5

அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம், கல்வெட்டுப் பெட்டிகள் வந்து இறங்கின கையோடு, ரொன்னும் வந்தார். செத்தவீட்டன்று அவர் வேறு ஊரில் வேலையில் நின்றவர், அதனால் வரமுடியவில்லை. பெரிய உடம்பு, வேலை உடுப்பு, கையில் வெள்ளிக் கடதாசி சுற்றின தட்டு.

என் மனைவி தட்டை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, குசினிக்குள் ஓடி வந்தா.

"ஐயோ மச்சாள், முழுக் கோழி! இறைச்சி ஆகாத துடக்கு வீட்டுக்கு!"

"சத்தம் போடாத" என்றா அக்கா. "வாங்கிக் கராஜுக்குள்ள வை. அந்தாள் தன்ர துக்கத்தை எல்லோ கொண்டு வந்திருக்குது."

ரொன் கதிரையின் நுனியில் இருந்தார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் ரொன் கதைக்கிற வேகத்துக்கு இல்லை. எனக்கும் பாதிதான். என் மகள் துவாரகா பக்கத்தில் இருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் அவள் தமிழில் சொல்ல வேண்டியதாய்ப் போச்சு.

ரொன் சொன்னது எண்பதுகளில், நான் வர முந்தி நடந்தது. அப்போது அவருக்கு இருபது இருபத்தொன்று. கழகத்திலேயே மோசமான ஆட்டக்காரன் தான்தான் என்று அவரே சொன்னார். அந்தக் கழகம் முதலும் கடைசியுமாக ஒரு இறுதிப் போட்டிக்கு வந்தது. கடைசிக் கட்டம். இவர்கள் நாலு புள்ளி முன்னுக்கு. ரொன் அன்று முழுக்கப் பெஞ்சில்.

"மாமி, இவர் சொல்றார்... மாமா இவரைப் பாத்து, உள்ளுக்குப் போ எண்டவராம். லாஸ்ட் ஃபைவ் மினிட்ஸ்" என்றாள் துவாரகா. "நல்லா ஆடின ஒராளை வெளிய எடுத்துப்போட்டு."

"ஏன்?" என்றா அக்கா.

துவாரகா கேட்டாள்.  ரொன் அடுத்து நடந்ததைச் சொன்னார். அவர் உள்ளே ஓடினார். பந்து உயர்ந்து நேரே அவரிடம் வந்தது. இரண்டு கையிலும் பட்டு வழுக்கி விழுந்தது. எதிரணிக்காரன் எடுத்து அடித்தான். ஆறு. இரண்டு புள்ளியால் தோல்வி.

உடுப்பு மாற்றுகிற கொட்டிலுக்குள் ஒருவரும் ரொன்னைப் பார்க்கவில்லையாம். பழைய ஆள் ஒருவர் அத்தானைப் பார்த்து, அந்தத் தடியனை ஏன் இறக்கினாய் என்று கத்தினாராம். அத்தான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம்: "நான் ஒரு இறுதிப் போட்டி முழுக்கச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தவன். எங்களுடைய அணி வென்றது. வென்றதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. என்னுடைய அணியில் ஒருவனுக்கும் அது வராது. செவ்வாய் ஆறு மணிக்குப் பயிற்சி."

செவ்வாய்க்கு முதல் கழகத்தார் கூடி, அத்தானை நிற்பாட்டிவிட்டார்கள். ஒரு வருடம் வேறொருவர் பழக்கினார். அது சரிவராமல், அடுத்த வருடம் அவர்களே வந்து திரும்பக் கூப்பிட்டார்கள். ரொன் பிறகு அந்தக் கழகத்துக்கே தலைவர் ஆனவர்.

துவாரகா இதைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. இடையில் சொல் தெரியாமல் என்னைப் பார்த்தாள். அக்கா நடுவிலேயே நிறுத்தினா.

"நிற்பாட்டினவையோ? எந்த வருஷம்?"

ரொன் சொன்னார்.

 அக்கா என்னைப் பார்த்துத்தான் சொன்னா.

"அந்த வருஷம் சனிக்கிழமையில வீட்டில நிண்டவர், தம்பி. வேலிக்குப் பெயின்ற் அடிச்சவர். என்னோட கோயிலுக்கும் வந்தவர். ஏனெண்டு கேட்டதுக்கு, சும்மா எண்டவர். பந்தை விட்டிட்டார் எண்டு நான் பிள்ளையாருக்கு வருஷம் முழுக்க நெய்விளக்கு ஏத்தினனான்."

துவாரகா அதை ரொன்னுக்குச் சொல்லட்டோ என்று கேட்டாள். அக்கா தலையை ஆட்டினா. அவள் சொன்னாள். ரொன் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

6

அடுத்த நாள் விடிய நான் போனபோது அக்கா முழுகி, ஈரத் தலையை முடிந்துகொண்டு, சாப்பாட்டு மேசையில் இருந்தா. பக்கத்தில் கல்வெட்டுப் பெட்டிகள். கையில் ஒரு கறுப்பு மார்க்கர். ஒவ்வொன்றாக விரித்து, அந்த ஒரு வரியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அழித்து, மை காய ஊதி, மூடி வைத்தா.

"அக்கா, என்ன இது?"

"இருந்து நீயும் அழி. ஐயர் வர முதல் முடிக்க வேணும்."

"நீங்கள்தானே இருக்கட்டும் எண்டனீங்கள்."

"ஓம். இறங்கினது எண்டா எனக்கு நல்லாத்தான் இருந்தது." ஊதினா. "இறங்கி ஆடி வெண்டவர் எண்டு போட்டா, பிறகு ரொன்னை ஏன் இறக்கினவர்? அதுக்கு ஆர் பதில் சொல்லுறது? விசரன் எண்டுதானே வரும். அந்த மனுசன் தன்னை இறக்காததாலதான் மற்றவனை இறக்கினது. அதை எடுத்துப்போட்டா அவரில மிச்சம் என்ன இருக்கு? பெயின்ற் ஸ்ரோர்."

"சின்ன மாமி?"

"சிரிக்கட்டும். அவ சிரிக்காமல் நான் எப்ப இருந்தனான்?"

நான் ஒரு பேனையை எடுத்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் துவாரகா வந்து, ஒன்றும் கேட்காமல் இன்னொன்றை எடுத்தாள். தாள் வழவழப்பு; மை இழுபட்டு விரல் எல்லாம் கறுப்பு. பரமேஸ் அண்ணை வந்து பார்த்து, "ஐயோ மனோ அக்கா, அமங்கலம்!" என்று தலையில் கை வைத்தார். அக்கா, "பொய்தான் பரமேஸ் அமங்கலம். இருங்கோ, தேத்தண்ணி தாறன்" என்றா.

அந்தியேட்டி குறைவில்லாமல் நடந்தது. ரொன்னும் வந்து அக்காவுக்குக் கிட்ட முன்னுக்கு இருந்தார். சாப்பிட்டு முடிந்து ஆளுக்கொரு கல்வெட்டுக் கொடுத்தோம். நாங்கள் யோசிக்காதது ஒன்று. எங்கள் சனத்துக்கு ஒரு வரியை அச்சில் கொடுத்தால் வாசிக்காது. அழித்துக் கொடுத்தால் வாசிக்கும். இரண்டு பக்கம் நிறைய அத்தானின் வாழ்க்கை இருந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. வெளியே கார் நிற்கிற இடத்தில் ஆளாளுக்கு அந்தப் பக்கத்தை வெயிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெயிலில் எழுத்துத் தெரியும். முதற்தர அணி, களமிறங்கி, முதல் தமிழன். எல்லாம் தெரிந்தது.

"இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் அழிச்சவை?"

"முன்னுக்கு ஒரு வெள்ளைக்காரன் இருந்தான், கவனிச்சனீங்களோ? அவன் அக்காவோட ஏதோ குசுகுசுத்தவன்."

"ஓ... அப்ப அதுதான்."

இப்படித்தான் தொடங்கியது. அன்றைக்கே நான் காருக்குக் கார் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாத்திரம் கழுவுகிற வேலை இருந்தது. யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள் என்றும் நினைத்தேன். வருடங்கள் போக, புறநகர்க் கழகம் பெரிய கழகமாகி, பெரிய கழகம் நாடாகி, அத்தான் கப்டனுமாகிவிட்டார். மையும் கை மாறிவிட்டது.

7

திவசம் முடிந்த அடுத்த ஞாயிறு இதை எழுதத் தொடங்கினேன். வேலையில் இடைவேளைக்கு இருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். துவாரகா இப்போது வேலைக்குப் போகிறாள், வேறு வீட்டில் இருக்கிறாள். போனில் கேட்டாள், "வை நவ், அப்பா?" ரொன்னைப் பற்றிச் சொல்லுகிறார்கள் என்றேன். "தென் ரைட் இட்" என்றாள். நான் எழுதுகிறதை அவளால் வாசிக்க முடியாது. வாசித்துக் காட்டினால் விளங்கும். அவ்வளவாவது மிஞ்சியிருக்கிறது, கடவுள் புண்ணியம்.

போன சனிக்கிழமை பிளாட் புஷ்ஷுக்குப் போய் அக்காவுக்கு முழுக்க வாசித்தேன். கண் மூடிக் கேட்டா. சின்ன மாமியின் பகிடி வந்த இடத்தில் மட்டும் ஒரு கண் திறந்தா.

முடிய, "ஏன் தம்பி, இறக்கேல்லை எண்டதை எத்தினை தரம் எழுதியிருக்கிறாய்? ஒருக்கா எழுதினாக் காணாதோ?" என்றா.

"வேணுமெண்டா குறைக்கிறன், அக்கா."

யோசித்தா. சோறு வடிக்க எழும்பிப் போனா. குசினிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"இல்லை, விடு. குறைச்சா பிறகு ஆரேன் அவரை இறக்கிப்போடுவினம்."

ஆகவே குறைக்கவில்லை. வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அத்தானுக்குப் பிள்ளைகள் இல்லை. அவரைப் பற்றி நாலு பேர் என்ன சொல்லுகிறார்களோ அதுதான் இனி அவர். சண்முகலிங்கம் என்பவர் மெல்பேர்ணில் ஒரு சின்னக் கழகத்தின் இரண்டாவது அணிக்கு ஆடினார். முதல் அணிக்கு ஒரு நாள் பெஞ்சில் இருந்தார், இறக்கவில்லை, ஏன் என்று தெரியாது. ஒக்லாந்தில் பல வருடம் பழக்கினார். அதிகம் தோற்றார். ஒரு இறுதிப் போட்டியில் ரொன் என்கிற பிளம்பரை இறக்கித் தோற்றார். அவருடைய கல்வெட்டில் கறுப்பு மை பூசினது அவருடைய மனைவி.

யாரும் கேட்டால் இதை இப்படியே சொல்லுங்கள். கப்டன் ஆக்க வேண்டாம், பாவம் என்றும் சொல்ல வேண்டாம். கூட்டாமல் குறைக்காமல் சொல்ல மனம் வராதவர்கள் சொல்லாமலே விட்டுவிடுங்கள், அதுவும் அவருக்குச் செய்கிற மரியாதைதான்.